ஆறாவது பாடம் கணக்கு

ஜூன் 9, ஞாயிறு

சேர்ந்துவிட்டேன்.

பொள்ளாச்சி படிப்பு மையத்தில் எனக்கு முன்னால் பதினொரு பேர் நின்றார்கள். யாருக்கோ துணையாக வந்த பெரியவர் என்று நினைத்து வழிவிட்டார்கள். நான் விலகிப் போகவில்லை. வரிசையில் நின்றேதான் போனேன்.

ஒருங்கிணைப்பாளர் பெயர் ஜெசிந்தா. நாற்பது வயதிருக்கும். “பேத்திக்குங்களா அட்மிஷன்?” என்றார்.

“எனக்கு. பிளஸ் டூ.”

சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. திறந்தநிலைப் பள்ளி என்பதால் வயது தடையில்லை. 1976ல் வாங்கிய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை நீட்டினேன். அதை அருங்காட்சியகப் பொருள்போலப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஐந்து பாடம் கட்டாயம் என்றார். மையத்தில் வகுப்பு நடப்பவை தமிழ், ஆங்கிலம், பொருளியல், வரலாறு, வணிகவியல். சனி, ஞாயிறு வகுப்பு.

“கணக்கு வேணும்” என்றேன்.

“கணக்குக்கு இங்க டீச்சர் இல்லீங்க ஐயா. ஆறாவது பாடமா, கூடுதலா எடுக்கலாம். ஆனா தானாப் படிக்கணும். அஞ்சையும் படிச்சுட்டு அதையும் படிக்கறது கஷ்டங்க.”

“தானாப் படிக்கத்தான் வந்திருக்கேன்.”

கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். பிப்ரவரிக்குள் மையத்தின் மாதிரித் தேர்வில் நூற்றுக்கு முப்பத்து மூன்று எடுத்தால்தான் கணக்குத் தேர்வுக்கான விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவாராம். சரி என்றேன். அந்த ஐந்து பாடமும் எனக்கு நுழைவுச் சீட்டு. நான் பார்க்க வந்தது ஆறாவதை.

ஜூன் 11, செவ்வாய்

என் மனைவி ராமாத்தாள் விசயத்தைக் கேட்டதிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். “மோட்டாருக்குக் காயில் கட்டறவருக்கு வரலாறு எதுக்குங்க? பானிபட்டுல பம்பு செட்டு எரிஞ்சு போச்சா?”

ஜூன் 27, வியாழன்

கணக்குப் புத்தகம் இரண்டு பகுதி. வாசனையே தனி. காலையில் கடையைத் திறக்குமுன் ஒரு மணி நேரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன். கவுண்டர் தோட்டத்து ஐந்து குதிரைத்திறன் மோட்டார் வார்னிஷ் காயும் நேரத்தில் முதல் பாடத்தின் பயிற்சி முழுவதும் போட்டுவிட்டேன். பின்பக்கம் திருப்பி விடைகளைப் பார்த்தால் எல்லாம் சரி. ஒன்று விடாமல் சரி!

கடைக்கு எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டுச் சொல்லலாம்போல இருந்தது. சொல்லவும் செய்தேன். “சர்க்கரை கம்மியாங்க?” என்று கேட்டான்.

ஜூலை 14, ஞாயிறு

எதற்காக இந்த வயதில் என்று வகுப்பில் கேட்டார்கள். இங்கே எழுதி வைக்கிறேன், தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

1974 டிசம்பர். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. அப்போதெல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினொன்றாம் வகுப்பு. அன்றைக்குக் காம்போசிட் மேத்ஸ் என்று ஒரு பிரிவு உண்டு. அதுதான் உயர்ந்த கணக்கு, இஞ்சினியரிங் போகிறவர்கள் எடுப்பது. மற்றவர்களுக்குப் பொதுக்கணக்கு. நான் காம்போசிட்டில் இருந்தேன். பத்துக் கணக்குக் கேட்டார்கள். பத்தும் சரி. ஆனால் என் தாளில் விடைகள் மட்டும்தான் இருந்தன. வாத்தியார் அனந்தகிருஷ்ணன் தாளைத் தூக்கிப் பிடித்து, “ஸ்டெப் எங்கடா?” என்றார்.

“மனசுல போட்டேன் சார்.”

“மனசுல போட்டதுக்கு மனசுலயே மார்க் வாங்கிக்கோ. காப்பி அடிச்ச பயலே, போ பொதுக்கணக்குக்கு.”

நாற்பது பேர் சிரித்தார்கள். அதோடு முடிந்தது. அன்றிலிருந்து நான் ஒரு கணக்குக்கும் ஸ்டெப் எழுதியதில்லை. எழுதவும் மாட்டேன். நாற்பத்தைந்து வருடத்தில் எத்தனை மோட்டார்! எந்த மோட்டாராவது “ஸ்டெப் எங்கே” என்று கேட்டதா? விடை சரியாக இருந்தால் சுற்றுகிறது. இல்லாவிட்டால் புகைகிறது.

ஆகஸ்ட் 3, சனி

இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது!

திரிகோணமிதியில் ஒரு கணக்கு. ஒரு கோணத்தின் சைன், அதோடு நூற்றிருபது டிகிரி கூட்டினால் வரும் சைன், இன்னும் நூற்றிருபது கூட்டினால் வரும் சைன். மூன்றையும் கூட்டினால் பூச்சியம் என்று நிறுவுக.

பூச்சியமா? இது என்னுடைய கணக்கல்லவா! மும்முனை மோட்டாரில் மூன்று காயில் கட்டுகளையும் நூற்றிருபது டிகிரி இடைவெளி விட்டுத்தானே இறக்குகிறேன். ஓடும் மோட்டாரின் மூன்று ஒயரையும் சேர்த்து, கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டருக்குள் விட்டால் முள் அசையாது. அசைந்தால் எங்கோ கசிவு. இத்தனை வருடம் அந்த அசையாத முள்ளைப் பார்த்திருக்கிறேன். அது ஏன் அசையவில்லை என்பது இங்கே ஒரு வரியில் அச்சடித்துக் கிடக்கிறது.

கடையில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரில் மூன்று ஒயரையும் பிடித்துப் பார்த்தேன். முள் பூச்சியத்தில் நின்றது. வீட்டுக்குப் போய் ராமாத்தாளை இழுத்து வந்து காட்டினேன்.

“ஒண்ணுமே காட்டலியேங்க” என்றாள்.

“அதுதான் புள்ள! ஒண்ணுமே காட்டலைங்கறதுதான்!”

நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். வணிகவியல் வகுப்புக்கு இன்று போகவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பொருளியல் மிஸ் விலை ஏறினால் தேவை குறையும் என்று ஒரு கோடு இழுத்தார். “அந்தச் சாய்வு டெரிவேட்டிவ்தானுங்களே?” என்றேன். “அது சிலபஸ்ல இல்லீங்க” என்றார். எந்தப் பாடத்தைத் திறந்தாலும் உள்ளே கணக்கு உட்கார்ந்திருக்கிறது. இவர்கள் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிறார்கள்.

கணக்கை எடுத்திருப்பவர் இன்னொருவரும் இருக்கிறார். துளசிமணி, நாற்பத்தேழு வயது, அங்கன்வாடி உதவியாளர். பிளஸ் டூ முடித்தால் டீச்சராகலாமாம். வரலாறு மனப்பாடம் ஆகவில்லை என்று அதற்குப் பதில் கணக்கு எடுத்திருக்கிறார். கையெழுத்து முத்து முத்தாக. ஒரு கணக்குக்கு ஒன்றரைப் பக்கம் எழுதுகிறார். விடை பெரும்பாலும் தப்பு.

செப்டம்பர் 8, ஞாயிறு

முதல் கணக்கு மாதிரித் தேர்வுத் தாள் வந்தது. ஜெசிந்தா மேடத்துக்குத் தெரிந்த ஒரு கணக்கு டீச்சர் திருத்தியது. எனக்குப் பத்தொன்பது. துளசிமணிக்கு நாற்பத்தாறு.

ஆறு மதிப்பெண் கணக்கு ஒன்று: இருபத்து நான்கு சென்டிமீட்டர் சதுரத் தகட்டின் நான்கு மூலையிலும் சிறு சதுரம் வெட்டி மடித்துத் தட்டு செய்ய வேண்டும். அதிகம் கொள்ள எவ்வளவு வெட்ட வேண்டும்? நான்கு சென்டிமீட்டர். இதற்கென்ன யோசனை? வார்னிஷ் தட்டு எத்தனை செய்திருக்கிறேன்! பக்கத்தில் ஆறில் ஒரு பங்கு. எழுதினேன், ஒரு மதிப்பெண்.

துளசிமணி பக்கம் பக்கமாக எழுதி, கடைசியில் பன்னிரண்டு என்று முடித்திருக்கிறார். அதற்கு நான்கு மதிப்பெண்.

“ஏம்மா, நாலு மூலையிலயும் பன்னெண்டு வெட்டுனா தட்டு எங்கம்மா இருக்கும்? தகடே மிஞ்சாதே!”

“விடை தப்புத்தானுங்ணா. ஆனா ஸ்டெப்பு சரியில்லீங்களா? உங்களுக்கு விடை சரி. ஸ்டெப்பு எங்கீங்?”

அதே கேள்வி! ஐம்பது வருடம் கழித்து, ஒரு அங்கன்வாடி உதவியாளர் வாயில்!

மேடம் மெதுவாகச் சொன்னார்: “பிப்ரவரி ஒன்பது கடைசிங்க ஐயா. ரெண்டு ரெண்டு வரியாவது எழுதுங்க.”

முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 9, திங்கள்

முடியாது.

நவம்பர் 17, ஞாயிறு

மழை. கடைக்கு ஆள் வரவில்லை.

துளசிமணிக்கு அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று காட்டி வாயை அடைக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். அதற்கு அவர் எழுதியதைப்போல வரிவரியாக எழுதித்தானே தப்பைப் பிடிக்க முடியும்? தப்பைப் பிடிப்பதற்காக எழுதினேன். எனக்காக அல்ல.

வெட்டும் அளவு x. கொள்ளளவு எழுதினேன். வகையிட்டேன். பூச்சியத்துக்குச் சமப்படுத்தினேன். இரண்டு விடை வந்தது. நான்கு. பன்னிரண்டு.

தப்பே இல்லை. அந்தம்மாவுக்குப் பன்னிரண்டு சரியாகத்தான் வந்திருக்கிறது. அது எல்லாவற்றையும் வெட்டி எறிந்து தட்டே இல்லாமல் போகும் இடம். கொள்ளளவு பூச்சியம். அவர் இரண்டில் தவறானதை எடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆனால் நான்? நாற்பத்தைந்து வருடம் நான்கை மட்டுமே பார்த்தவன். அந்தப் பக்கம் இன்னொரு விடை நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. எழுதியதால்தான் வந்தது. மனதில் போட்டால் மனதுக்குத் தெரிந்தது மட்டும்தான் வரும்போல.

மழையில் நனைந்துகொண்டே துளசிமணி வீட்டுக்குப் போனேன். மாவு அரைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மிணி, உம் பன்னெண்டு சரிதான்!”

“எந்தப் பன்னெண்டுங்ணா?” என்றார் கிரைண்டரை நிறுத்தாமல்.

டிசம்பர் 2, திங்கள்

நாற்பது கணக்கு. எல்லாம் ஸ்டெப்போடு. நோட்டு தீர்ந்தது. வாத்தியாருக்காக எழுதவில்லை. இதை அவருக்குச் சொல்ல வழியில்லை, செத்துப் பல வருடம் ஆகிறது.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். மச்சினன் குடும்பம் வந்திருந்தது. படிப்பைப் பற்றிக் கேட்டார்கள். 1974ஐச் சொன்னேன். சொல்லி முடித்ததும், கரும்பு நறுக்கிக்கொண்டிருந்த ராமாத்தாள் தலை நிமிராமல் கேட்டாள்: “ஏனுங்க, நானும் கல்யாணமான நாள்ல இருந்து இந்தக் கதையக் கேட்டுட்டு இருக்கறேன். அந்தப் பத்துக் கணக்கும் நீங்களே போட்டதுங்களா?”

இது என்ன கேள்வி? மச்சினன் சிரித்தான். எழுந்து கடைக்குப் போய்விட்டேன். கடை இன்று விடுமுறை. உள்ளே உட்கார்ந்து செம்புக் கம்பிச் சுருள்களை அளவு வாரியாக அடுக்கினேன்.

ஜனவரி 16, வியாழன்

கம்பிகளை மறுபடி அடுக்கினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மாதிரித் தேர்வில் நாற்பத்தொன்று! நாற்பத்தொன்று! மேடம் என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தினார். “அடம் பிடிச்சு வாங்கிட்டீங்க ஐயா” என்றார். துளசிமணிக்கு ஐம்பத்து மூன்று. வகுப்பு முழுவதற்கும் தேங்காய் பன் வாங்கித் தந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

வரலாறு: தேதிகள். ஆங்கிலம்: கடிதம் எழுதுதல். வணிகவியல்: கூட்டாண்மை. எல்லாவற்றையும் காலையில் முடித்துத் தள்ளிவிட்டுத் தொகையீட்டுக்கு வந்தேன். ஒரு வளைவின் கீழே இருக்கும் பரப்பைக் கண்டுபிடிக்கிறார்கள். வளைவின் கீழே! யாருக்கு முதலில் தோன்றியிருக்கும் இது?

வெக்டர், நிகழ்தகவு இரண்டும் இன்னும் தொடவில்லை. துளசிமணி திட்டினார். “ஒரே பாடத்தையே நக்கிக்கிட்டு இருந்தா மத்தத யாருங்ணா படிப்பா?”

ஏப்ரல் 19, சனி

கணக்குத் தேர்வு.

வாழ்க்கையில் இப்படி ஒரு மூன்று மணி நேரம் எனக்குக் கிடைத்ததில்லை. அறைக் கண்காணிப்பாளர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், மேலதிகாரி என்று நினைத்துவிட்டார்போல. நான் என் எண்ணைத் தேடி உட்கார்ந்ததும் தடுமாறிவிட்டார்.

முதல் கேள்வியிலிருந்தே ஸ்டெப். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஒரு மதிப்பெண் கேள்விக்கும் ஸ்டெப் எழுதினேன். ஏன் மற்ற மூன்று விடையும் தப்பு என்றும் எழுதினேன். ஒரு வரியைக்கூடத் தாண்டவில்லை. கேட்டுக்கொண்டு யாராவது வந்தால், “இதோ” என்று காட்டலாம். கூடுதல் தாள் நான்கு முறை வாங்கினேன். பின்னால் இருந்த பெண்கள் பயந்துபோய் என்னையே பார்த்தார்கள்.

மணி அடித்தபோது இருபத்து ஒன்றாவது கேள்வியில் இருந்தேன். மொத்தம் முப்பத்தாறு.

வெளியே துளசிமணி தலையில் கைவைத்தார். “ஒரு மார்க்குக் கேள்விக்கு ஒரு பக்கமா? ஐயோ, உங்களுக்கு ஸ்டெப்பு எழுதுங்கன்னு சொன்ன என்னய அடிக்கோணும்!”

சொல்லட்டும். எழுதியது அத்தனையும் என்னுடையது.

ஜூன் 18, புதன்

முடிவு வந்துவிட்டது. ஐந்திலும் தேர்ச்சி. கணக்கு முப்பத்தாறு. தேர்ச்சி! முப்பத்து மூன்று போதும், மூன்று அதிகம்.

துளசிமணிக்குக் கணக்கில் ஐம்பத்தொன்று. தொலைபேசியில் அழுதார். “இனி நானும் டீச்சருங்ணா.” ராமாத்தாள் தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தாள். கடைப் பலகையில் பெயருக்குப் பின்னால் பிளஸ் டூ என்று போட வேண்டுமாம். யார் கேட்டாலும், “கணக்கும் பாஸுங்க, ஆறாவது பாடம்” என்கிறாள்.

எனக்கு ஒரு ஆசை. என் விடைத்தாளைக் கண்ணால் பார்க்க வேண்டும். நகல் கேட்டு விண்ணப்பித்துவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

நகல் வந்தது. இருபத்தெட்டுப் பக்கம். என் வரிகளுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் சரி, சரி, சரி. மூன்று முறை படித்தேன். அந்த ஆள் ஒவ்வொரு வரியையும் படித்திருக்கிறார். என்னை ஒருவர் வரிவரியாகப் படித்திருக்கிறார்.

பிறகு மதிப்பெண்களைக் கூட்டினேன். முப்பத்திரண்டு.

மறுபடி கூட்டினேன். முப்பத்திரண்டு. பத்தொன்பதாவது கேள்வியின் விடை இருபத்து நான்காம் பக்கத்தில் தொடங்கி இருபத்தைந்தில் முடிகிறது. நான்கு மதிப்பெண்ணை இரண்டு பக்கத்திலும் போட்டு, இரண்டு முறை கூட்டிவிட்டார்கள். கணக்குத் தாளில் கூட்டல் தப்பு.

தேர்ச்சிக்கு ஒன்று குறைகிறது.

ஜூலை 12, சனி

துளசிமணி வந்தார். அவரும் கூட்டினார். முப்பத்திரண்டு. அவருக்கே சரியாக வந்துவிட்டது என்றால் சந்தேகமில்லை.

“பீரோவுல வச்சுப் பூட்டுங்ணா. அவிய தப்புக்கு நீங்க என்ன பண்ணுவீங்? படிச்சதெல்லாம் இல்லீனு ஆயிருமா?”

பொங்கலன்று தலை நிமிராமல் கேட்ட ராமாத்தாள், இன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை அவள் படிப்பாள் என்று தெரியும்.

அந்தப் பத்துக் கணக்கில் ஒன்பது என்னுடையது. ஏழாவது கணக்கு வரவில்லை. முன் பெஞ்சில் ஆறுச்சாமி தாளைச் சாய்த்து வைத்திருந்தான். அவன் விடையைப் பார்த்து எழுதினேன். ஒன்பதுக்கும் நான் ஸ்டெப் எழுதியிருந்தால், ஏழாவது மட்டும் மொட்டையாகத் தெரிந்திருக்கும். அதனால் ஒன்றுக்கும் எழுதவில்லை. வாத்தியார் கேட்டபோது, எது என்னுடையது என்று காட்ட என்னிடம் ஒரு வரிகூட இல்லை. அந்த ஒன்றுக்காக ஒன்பதும் போனது. அந்த ஒன்பதுக்காகத்தான் ஐம்பது வருடம் சண்டை போட்டேன். அந்த ஒன்றைச் சொல்லவில்லை.

வாத்தியார் சொன்னது பத்தில் ஒரு பங்கு உண்மை. பத்தில் ஒன்பது பங்கு அநியாயம்தான். அதில் மாற்றமில்லை.

ஜூலை 14, திங்கள்

கோயம்புத்தூர் அலுவலகம். ராமாத்தாளும் வந்தாள். நேற்று நோட்டைப் படித்துவிட்டாள் போலிருக்கிறது. பஸ்ஸில், “ஒம்போது வந்துதல்லோ, அதுவே பெருசுங்க” என்றாள்.

மறுகூட்டல் சாளரத்தில் இருந்தவர் நகலை வாங்கிப் பார்த்தார். “எத்தன மார்க் கூடும்னு எதிர்பார்க்கறீங்க?”

“கூடாது. நாலு குறையோணும்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “ஐயா, கூட்டச் சொல்லித்தான் வருவாங்க. குறைக்கச் சொல்லி இந்தப் பத்து வருசத்துல ஒருத்தரும் வரலீங்க. அதுக்கு ஃபாரமே கெடையாது.”

“வெள்ளத்தாள் இருக்குதுங்களா?”

தந்தார். அங்கேயே நின்று எழுதினேன். முதல் கேள்வி ஒன்று, மொத்தம் ஒன்று. இரண்டாம் கேள்வி ஒன்று, மொத்தம் இரண்டு. இப்படி இருபத்தொரு வரி. அவர் கால்குலேட்டரில் கூட்டிப் பார்த்தார், இரண்டு தடவை.

“குறைச்சா ஃபெயிலுங்க ஐயா.”

“ஆமாங்க.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“அவரு யோசிக்கற ஆளில்லீங்க” என்றாள் ராமாத்தாள். “வாங்கிக்கங்க. இல்லாட்டி பொழுதோட வரைக்கும் இங்கயே நிப்பாரு.”

வாங்கி முத்திரை குத்தினார். பிறகு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு என் தாளைக் காட்டினார். இரண்டு பேரும் விரல் வைத்து வரிவரியாகப் படித்தார்கள்.

அதே சாளரத்தில் அக்டோபர் தேர்வுக்கும் விண்ணப்பித்தேன். அதற்கு ஃபாரம் இருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

ஜாங்கிரி வாங்கிய வீடுகளுக்கெல்லாம் ராமாத்தாள் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஒருவரும் திருப்பித் தரவில்லையாம்.

வெக்டர் தொடங்கினேன். என்ன அழகான பாடம்! ஒரு அளவுக்குத் திசையும் உண்டாம். மோட்டார் எந்தப் பக்கம் சுற்றும் என்பதே இதற்குள்தான் இருக்கிறது. இதையா ஒரு வருடமாகத் தொடாமல் வைத்திருந்தேன்!

முதல் கணக்கு தப்பு. நான்காவது வரியில் பிசகியிருக்கிறேன். அழிக்கவில்லை. கீழே மறுபடி போடுகிறேன்.